பத்தடி நடந்து காட்டு

விமான நிலையத்துக்கு முதன்முதலாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், மேலே பார்க்கும் அம்பு மேலே போகச் சொல்லவில்லை என்பதுதான். அது நேரே போகச் சொல்கிறது. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அம்பையும் பார்த்துவிட்டு, மாடிப்படியைத் தேடித் தூணைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களை வண்டிக்காரி தினமும் பார்த்தாள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அம்பை வரைந்தவனைத்தான் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பாள்.

வண்டிக்காரி என்பது அவளுக்கு அங்கே விழுந்த பெயர். வேலை, வீல்சேர் தள்ளுவது. வீல்சேரை அவள் வண்டி என்றுதான் சொல்வாள். "வண்டி வருது, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று அவள் குரல் கொடுத்தால், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறவன்கூட ஒதுங்கிவிடுவான். அதற்கு முன்பு அதே கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தள்ளுகிற ஆள் வராமல் போக, ஈரத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பெரியவரைக் கேட் வரை கொண்டு சேர்த்தாள். அதோடு சரி, துடைப்பத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அவளுடைய வேலை சுத்தமாக இருக்கும். ஆள் உட்காருவதற்கு முன் பிரேக்கைப் போடுவாள். கால் பலகையை இறக்கி, பாதத்தைத் தன் கையாலேயே தூக்கி வைப்பாள். சரிவில் இறங்கும்போது வண்டியைத் திருப்பி, தான் பின்னால் நடந்தபடி இறக்குவாள். முகம் குப்புறப் போய்விடுமோ என்ற பயம் உட்கார்ந்திருப்பவருக்கு வரக் கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் கற்றுக் கொடுத்ததுதான். அவளாக வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. காத்திருக்க வேண்டிய இடத்தில் நாற்காலிகளைச் சுவரைப் பார்த்து நிறுத்த வேண்டும் என்பது கம்பெனி சட்டம். நடைபாதையில் கால் நீட்டிக்கொண்டிருந்தால் யாராவது தடுக்கி விழுவார்களாம். வண்டிக்காரி ஒரு நாளும் அப்படி நிறுத்தியதில்லை. ஆட்கள் வருகிற பக்கமாகத் திருப்பித்தான் நிறுத்துவாள்.

"சுவரைப் பார்த்து உட்கார வைக்க இவங்க என்ன தப்புப் பண்ணாங்க? வாய்ப்பாடு ஒப்பிக்காத பிள்ளைங்களா?" என்பாள்.

நாற்காலி கேட்டு வருகிறவர்களில் இரண்டு ரகம். நடக்க முடியாதவர்கள் ஒரு ரகம். நடக்க முடியும், ஆனால் போய்ச் சேர முடியாது என்பவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்துக்கு அந்தக் கட்டடம், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. எங்கோ இருக்கிற மகனோ மகளோ டிக்கெட் எடுக்கும்போதே, "அம்மாவுக்கு வீல்சேர் வேணும்" என்று சொல்லிவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் யாராவது ஒருவர் தள்ளித்தானே ஆக வேண்டும்? பெல்ட்டைக் கழற்று, பையைத் தட்டில் வை, அந்தக் கண்ணாடியைப் பார், கட்டைவிரலை வை என்று ஒவ்வொரு இடத்திலும் கூடவே ஒரு வாய் வரும். வாய்க்குத்தான் அந்த நாற்காலி. இதே அம்மா ஊர் திரும்பி இங்கே வந்து இறங்கும்போது, தடுப்புக்கு அந்தப் பக்கம் பேரப்பிள்ளை முகம் தெரிந்ததும், அதுவரை நாற்காலியில் சுருண்டு கிடந்த அம்மா எழுந்து ஓடுவாள் பாருங்கள், பந்தயக் குதிரை தோற்றது. ஊழியர்கள் இதற்கு 'அற்புதம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். டீ குடிக்கும்போது, "இன்னைக்கு உனக்கு எத்தனை அற்புதம்?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

வண்டிக்காரி அந்தச் சிரிப்பில் கலந்துகொள்வாள். ஆனால் உட்காராமல் நின்றுகொண்டே குடிப்பாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. எழுந்திருக்க முடியாமல் அவள் திணறுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது.

அவளுடைய இடது முழங்கால் இரண்டு வருடமாகவே தகராறு செய்துகொண்டிருந்தது. வண்டியைத் தள்ளும்போது தெரியாது. கைப்பிடியே ஊன்றுகோலாகிவிடும். கையில் வண்டி இல்லாவிட்டால்தான் ஆபத்து. வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி டாக்டர் பார்ப்பார். போன முறை இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, மணப்பெண் மாதிரி மெல்ல நடந்து தப்பித்தாள். தள்ளுகிறவளுக்கே கால் சரியில்லை என்று தெரிந்தால், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டிவிடுவார்கள். அட்டை இல்லாவிட்டால் அந்தக் கட்டடத்தில் அவளும் ஒன்றுதான், வெளியே நிற்கிற டாக்ஸிக்காரரும் ஒன்றுதான். இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன். அவர் பஸ் டிரைவர். ஊரையெல்லாம் உட்கார வைத்து ஓட்டுகிறவருக்கு, வீட்டில் ஒருத்தியை உட்கார வைக்க முடியவில்லை.

"முட்டி தேய்ஞ்சு போயிட்டா என்னடி பண்ணுவே?" என்று தைலம் தேய்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"தேயறதெல்லாம் உங்க பஸ் டயர்தான். இது இன்னும் ஓடும்" என்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு காரியம் நடந்தது. கால் ஒன்றை இழந்த ஒருவர் நாற்காலிக்காகக் காத்திருந்து காத்திருந்து விமானத்தைத் தவறவிட்டார். அன்றைக்கு நாற்காலி முழுவதையும் இரண்டாவது ரகத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த மனிதர் கத்தவில்லை. ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டிக்காரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனவள் அவளும்தானே.

மறு வாரமே சூப்பர்வைசர் புதுச் சட்டம் போட்டார். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் வாக்கிடாக்கி. பக்கத்தில் நிற்கிறவரிடம்கூட அதில்தான் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வண்டிக்காரியின் கடைசித் தம்பி வயதிருக்கும். சட்டை கசங்காது, மனசும் கசங்காது. கவுண்டர் முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு ஒட்டினார். நாற்காலி கேட்கிறவர்கள் கவுண்டரிலிருந்து அந்தக் கோடு வரை பத்தடி நடந்து காட்ட வேண்டும். நடந்துவிட்டால் நாற்காலி கிடையாது. உலகத்திலேயே பாஸானவர்கள் ஃபெயிலாகிற பரீட்சை அது ஒன்றுதான்.

பாவம், அந்த அம்மாக்களுக்கு நொண்டவும் தெரியவில்லை. "நடந்து காட்டுங்கம்மா" என்று ஒரு அதிகாரி கேட்டால், மரியாதையாக நடந்து காட்டினார்கள். சிலர் மெச்சிக்கொள்ளட்டும் என்று வேகமாகவே நடந்தார்கள். பிறகு கையில் போர்டிங் பாஸோடு நடு ஹாலில் நின்றார்கள்.

கால் இல்லாதவருடைய முகம் மனதில் இருந்ததால், வண்டிக்காரியால் சட்டத்தைத் திட்ட முடியவில்லை. நாற்காலி நடக்க முடியாதவர்களுக்குத்தான், சரி. ஆனால் வழி காட்டுவதற்கு நாற்காலி எதற்கு? அவள் பாட்டுக்கு நாற்காலி இல்லாமலே நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நடந்தாள். "எல்லாரும் என் பின்னாடியே வாங்க. வழியில ஒரு தரை தானா நகரும், பயப்படாதீங்க, ஏறி நின்னுக்கோங்க. குழாயைத் திருகாதீங்க, கையை நீட்டினா தண்ணி வரும். யாராவது இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்கன்னு கொடுத்தா வாங்கவே வாங்காதீங்க, சொந்த மாமியார் கொடுத்தாலும் சரி." கையில் வண்டி இல்லாததால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் உயிரை எடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு நடந்தாள்.

அதற்கும் வாக்கிடாக்கி ஆப்பு வைத்தார். "நாற்காலிக்குத்தான் விமானக் கம்பெனி நமக்குப் பணம் தருது. கைடு வேலை பார்க்கறதுக்கு இல்ல. இனிமே நாற்காலி இல்லாம உங்க காலு நகரக் கூடாது. ஆள் உட்காராம நாற்காலியும் நகரக் கூடாது. மீறினா அட்டையை வாங்கிடுவேன்."

"வழி கேட்டா சொல்லலாமா சார், அதுக்கும் கோடு போட்டிருக்கீங்களா?"

"வாயால சொல்லலாம்" என்றார். அதை வாக்கிடாக்கியில் சொல்லாமல் நேராகச் சொன்னதைப் பார்த்தால், அவருக்குச் சற்று உறைத்திருக்க வேண்டும்.

அந்த வாயால்தான் வினை வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

ஒரு காலை நேரத்தில் இஸ்திரிபோடும் அம்மா ஒருத்தி வந்தாள். தெருமுனையில் கடை. கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். மணிக்கட்டு வரை பழைய சூட்டுத் தழும்பு. வாழ்க்கையில் பஸ்ஸைத் தாண்டி எதிலும் ஏறாதவள். வேறு நாட்டில் வேலை பார்க்கிற தங்கைக்கு இருதயத்தில் ஆபரேஷன். அக்காவும் தங்கையும் பல வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். சண்டை எதனால் என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது. கத்தி வைப்பதற்குள் ஒரு முறை அக்காவைப் பார்க்க வேண்டும் என்று தங்கை சொல்லி அனுப்பி, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்திருந்தாள். இஸ்திரியம்மா கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள்.

மஞ்சள் கோடு வரை ராணுவத்தில் சேர வந்தவள் மாதிரி நடந்தாள். ஃபெயில்.

வண்டிக்காரி கூடப் போக முடியாது. அப்போதுதான் ஒரு பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். வாக்கிடாக்கி வேறு பார்த்துக்கொண்டு நின்றார். செக்யூரிட்டி வரைக்கும் அந்த நாற்காலியின் பக்கத்திலேயே நடக்கச் சொல்லி, பெரியவரின் கேட் வேறு பக்கம் என்பதால் அங்கிருந்து வாயாலேயே வழி சொன்னாள். கேட் நம்பரை அந்த அம்மாவின் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள். வழியில் ஏமாற்றுக்காரர்கள் யாராவது பையைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவளுக்கு ஒரு கவலை. அதனால் கடைசியாக ஒன்று சொன்னாள்.

"இந்த நம்பர் போட்ட இடத்துக்குப் போய் உட்காருங்க. யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீங்க. இந்த இடம் இல்ல, அங்க வாங்கன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க."

சொன்ன சொல் தவறாத பிறவி அந்த இஸ்திரியம்மா. போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கேட்டை மாற்றினார்கள். கூட இருந்தவர்கள் எல்லாம் எழுந்து போனார்கள். ஒரு பெண் வந்து, "அம்மா, உங்க ஃபிளைட் அந்தப் பக்கம் மாறிடுச்சு, வாங்க" என்றாள். இஸ்திரியம்மா பையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "என்கிட்டயேவா?" என்று சிரித்தாள். அந்தப் பெண் கையைப் பிடித்து இழுக்க, இவள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை அசைக்க இன்னும் மூன்று பேர் வேண்டும். ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பெயர் தெரிந்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிற திருடன் பெரிய திருடன் என்று நினைத்தாள். விமானம் போய்விட்டது.

செய்தி தெரிந்து வண்டிக்காரி ஓடி வந்தபோது, அவளை வெளியே கொண்டுவந்து சுவர் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். உள்ளங்கையைக் காட்டினாள். வியர்வையில் நம்பர் அழிந்திருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே நகரலைங்க" என்றாள்.

மற்றவர்கள் இதையும் ஒரு 'அற்புதம்' என்று சொல்லிச் சிரித்தார்கள். வண்டிக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. கேட் மாறும் என்பது அவளுக்கு அரிச்சுவடி. அதைச் சொல்ல விட்டுவிட்டாள். ஆனால் அதற்காகத் தன்னை மட்டும் நொந்துகொள்ள அவள் தயாராக இல்லை. கூட நடந்திருந்தால் இது நடந்திருக்குமா? வாயை மட்டும் அனுப்பினால் இப்படித்தான். வாயால் வழி சொல்லலாமாம், எந்தக் கோட்டுச் சட்டைக்காரனுக்குத் தோன்றிய யோசனை!

விமானக் கம்பெனி மறுநாள் மதிய விமானத்தில் இடம் கொடுத்தது. அதில் போனால், ஆபரேஷனுக்குத் தங்கையை உள்ளே கொண்டு போவதற்குச் சற்று முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரலாம். அதையும் விட்டால் அவ்வளவுதான்.

"எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள் வண்டிக்காரி.

வீடு என்பது ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான். நடுவில் திரைச்சீலை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் கொடித்துணி முகத்தில் படும். இஸ்திரியம்மா உட்கார்ந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்ததும், நாற்காலியில் கிடந்த டிரைவர் யூனிபாரத்தைப் பார்த்தாள். "இதை யாரு தேய்ச்சது?" என்றாள், கொலை நடந்த இடத்தைப் பார்ப்பவள் மாதிரி. வேண்டாம் வேண்டாம் என்று டிரைவர் கெஞ்சியும் கேட்கவில்லை. தேய்த்து முடித்தபோது அந்தச் சட்டை தானாக எழுந்து பஸ் ஓட்டப் போய்விடும் போல நின்றது.

தேய்த்துக்கொண்டே வண்டிக்காரியைக் கவனித்திருக்கிறாள்.

"உங்களுக்கு முட்டி ரொம்ப நாளா இப்படியா?"

வண்டிக்காரி திடுக்கிட்டாள். "முட்டிக்கு என்ன?"

"நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறவ நான். என்கிட்ட மறைக்கலாமா? அடுப்பிலேருந்து வாசலுக்கு வர்றதுக்குள்ள மூணு இடத்தைப் பிடிச்சீங்க."

"அப்படிக் கேளுங்க" என்றார் டிரைவர், கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவர் மேல் எரிந்து விழுந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை, டாக்டர், அட்டை, எல்லாம். சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது டிரைவர் சொன்னார். "அந்த ஆள்கிட்ட வாயைக் கொடுக்காதே. நல்லபடியா அனுப்பி வச்சுட்டு வா."

"நேத்து வாயைத்தானே கொடுத்தேன்" என்றாள். "இன்னைக்குக் காலைக் கொடுக்கப் போறேன். நானே கூட்டிட்டுப் போயி, ஏத்தி விட்டுட்டுத்தான் மறுவேலை."

"அட்டையை வாங்கிட்டா?"

"உரலுக்குள்ள தலையை விட்டாச்சு."

மதியம் கவுண்டர் முன்னால் வழக்கமான கூட்டம். மஞ்சள் கோட்டின் அருகே வாக்கிடாக்கி நின்றார். இஸ்திரியம்மா இன்றைக்கும் நேர்மையாக நடந்து காட்டி நேர்மையாக ஃபெயிலானாள். அதே விமானத்துக்குப் போகிற ஒரு தம்பதியும் ஃபெயில். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் கையை ஒருவர் விடாமல், மாடிப்படி எங்கே இருக்கிறது என்று மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு நாற்காலி தட்டுப்பாடு இல்லை. மடித்து வைத்தவை சுவர் ஓரமாக வரிசையாக நின்றன. அதைப் பார்க்கத்தான் வண்டிக்காரிக்கு ஆத்திரம் பொங்கியது.

"வாங்க போகலாம்" என்று மூன்று பேரையும் கூப்பிட்டாள்.

வாக்கிடாக்கி குறுக்கே வந்தார். "எங்க போறீங்க?"

"நேத்து என் பேச்சைக் கேட்டு இவங்க ஃபிளைட்டை விட்டாங்க சார். இன்னைக்கு நான் கூடப் போறேன்."

"சட்டம் தெரியும்ல? நாற்காலி இல்லாம நீங்க நகரக் கூடாது."

"அப்ப நாற்காலி எடுத்துக்கறேன்."

"ஆள் இல்லாத நாற்காலியும் நகரக் கூடாது. இவங்க மூணு பேரும் நடக்கறவங்க. நடக்க முடியாத ஆளைக் காட்டுங்க, நாற்காலி தர்றேன்."

வண்டிக்காரி சுவர் ஓரமாக நின்ற நாற்காலிகளைப் பார்த்தாள். இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்தது, ஒரே நொடியில் கையை விட்டுப் போகப் போகிறது. தங்கையைப் பார்க்கப் போகிறவள் பையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். இவள் முகத்தையே பார்க்கிறாள், நகரவா வேண்டாமா என்று.

வண்டிக்காரி சுவரோரம் போய் ஒரு நாற்காலியை விரித்தாள். பிரேக்கைப் போட்டாள். கால் பலகையை இறக்கினாள். பிறகு திரும்பி, அதில் உட்கார்ந்தாள்.

"இதோ இருக்கேன் சார், நடக்க முடியாத ஆள்."

உடன் வேலை பார்க்கிறவர்கள் தள்ளிக்கொண்டு போன வண்டிகளை அப்படியே நிறுத்தினார்கள்.

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. இடது முட்டி. ரெண்டு வருஷமாச்சு. உங்க டாக்டரை ஏமாத்திட்டேன், போய்ச் சொல்லுங்க. நாற்காலியில ஆள் உட்கார்ந்தாச்சு, சட்டம் சரியாப் போச்சு. தள்ள ஆள் வேணும். இஸ்திரியம்மா, உங்களுக்குக் கை எப்படி?"

"கைக்கு என்னங்க, குறைச்சலே இல்ல" என்றாள் இஸ்திரியம்மா. விமானத்தை விட்டதிலிருந்து அவள் முதன்முறையாகச் சிரித்தாள்.

வண்டி கிளம்பியது. சும்மா இல்லை, பறந்தது. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பழகின கைக்கு இந்தச் சக்கரம் எம்மாத்திரம். வண்டிக்காரி உட்கார்ந்தபடியே கையை நீட்டி நீட்டி வழி சொன்னாள். தம்பதி கைகோத்தபடி பின்னால் வேக நடை போட்டார்கள். வாக்கிடாக்கி எதையோ வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டே அங்குமிங்கும் ஓடினார். மறுமுனையில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது. "யாரு யாரைத் தள்ளுறாங்க? திரும்பச் சொல்லுங்க" என்று அது கரகரத்துக்கொண்டே இருந்தது.

சோதனை வாசலில் நின்ற பெண், யூனிபாரத்தோடு உட்கார்ந்திருப்பவளையும் சேலையைச் செருகிக்கொண்டு தள்ளுகிறவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல பயணி யாரு?"

"தள்ளுறவங்க" என்றாள் வண்டிக்காரி. அட்டையைக் காட்டினாள். பெல்ட்டும் சாவியும் தட்டில் போயின. "இங்க பதறக் கூடாதும்மா. அவங்க அவசரப்படுத்துவாங்க, நீங்க அவசரப்படாதீங்க. தட்டுல வச்ச சாமான் வர்ற வரைக்கும் அந்தத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க." பின்னால் இருந்த தம்பதிக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். வரிசையில் இன்னும் யார் யாரோ காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

முதல் திரைப் பலகை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "கேட் நம்பர் சத்தியம் இல்ல. மாறும். இந்தப் பலகை ஒவ்வொண்ணு வரும்போதும் நின்னு பார்க்கணும். நேத்து இதைச் சொல்லாம விட்டது நான்தான்."

இஸ்திரியம்மா நின்று, எழுத்துக் கூட்டி, தன் விமானத்தைக் கண்டுபிடித்தாள். அடுத்த பலகையில் அவளே நிறுத்தினாள். அதற்கடுத்த பலகையில், "மாத்திட்டாங்க! நம்பரை மாத்திட்டாங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் வழியில் போன நாலு பேர் தங்கள் சீட்டை எடுத்துச் சரிபார்த்தார்கள்.

"எந்தப் பக்கம்?" என்றாள் வண்டிக்காரி. தெரிந்துதான் கேட்டாள்.

"அம்பு மேல பார்க்குது. அப்படின்னா நேரே" என்றாள் இஸ்திரியம்மா.

கேட்டில் கடைசி வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. தம்பதி முதலில் போனார்கள். இஸ்திரியம்மா போர்டிங் பாஸைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். வண்டிக்காரியின் யூனிபாரக் காலர் மடங்கியிருந்ததை நீவி நேராக்கினாள்.

"தங்கச்சிகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல."

"கைடு வேணுமா அதுக்கும்? போய்ப் பக்கத்துல உட்காருங்க, போதும். அங்க யாரு கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீங்க."

இஸ்திரியம்மா சிரித்து, அழுது, மூக்கைச் சிந்தி, உள்ளே போனாள். கதவை மூடினார்கள்.

அப்போதுதான் வாக்கிடாக்கி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையை நீட்டினார். வண்டிக்காரி கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். அது இருந்த இடத்தில் கழுத்து லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. வலிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"எழுந்து வாங்க" என்றார்.

"நான் நடக்க முடியாதவ சார்."

"ஓஹோ. அப்ப பத்தடி நடந்து காட்டுங்க."

கேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வண்டிக்காரி கையை ஊன்றி எழுந்தாள். இரண்டு வருடமாகப் பல்லைக் கடித்து, சிரிப்பைப் பூசி மறைத்த நொண்டலை, முதன்முறையாக மறைக்காமல் நடந்தாள். வலித்த இடத்தில் முகத்தைச் சுளித்தாள். "அப்பாடா" என்றாள், "ஐயோ" என்றாள். மறைக்காமல் நொண்டுவது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நான்காவது அடியில் முழங்கால் மடங்கி, தூணைப் பிடித்துக்கொண்டாள். நடிப்பு இல்லை என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. வாக்கிடாக்கிக்கும் தெரிந்தது. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

கேட் கவுண்டரில் இருந்த பெண் மெல்லச் சொன்னாள். "சார், அட்டை இல்லாதவங்களை இங்க தனியா விடக் கூடாது. அட்டை வச்சிருக்கிறவங்கதான் கூடவே இருந்து வெளிய விடணும்."

கவுண்டரை விட்டு நகர முடியாத அந்தப் பெண்ணை விட்டால், அங்கே அட்டை வைத்திருந்தது அவர் ஒருவர்தான். அவருடையது கழுத்தில், அவளுடையது கையில்.

வண்டிக்காரி நொண்டிக்கொண்டே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதத்தைத் தானே தூக்கிக் கால் பலகையில் வைத்துக்கொண்டாள். சாவகாசமாகச் சாய்ந்துகொண்டாள். அவர் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். நகரவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார்.

"முதல்ல பிரேக்கை எடுங்க, தம்பி" என்றாள்.

இத்தனை வருடமாக அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அட்டை போனதோடு அந்த சாரும் போய்விட்டது. அவர் குனிந்து பிரேக்கை எடுத்தார்.

வந்த வழியெல்லாம் திரும்பிப் போனார்கள். உடன் வேலை பார்க்கிறவர்கள் தங்கள் வண்டிகளை ஓரமாக நிறுத்தி வழி விட்டார்கள். ஒருத்தன் சல்யூட் அடித்தான். சரிவு வந்தது. "திருப்பி இறக்குங்க, முகம் குப்புறப் போயிடுவேன்" என்றாள். திருப்பி இறக்கினார். வாக்கிடாக்கி அவர் இடுப்பில் கரகரத்துக்கொண்டே இருந்தது. அதை எடுக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

வெளி ஹாலுக்கு வந்ததும், பழக்க தோஷத்தில் வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்து நிறுத்தினார்.

"சுவரைப் பார்த்து நிறுத்தாதீங்க தம்பி. ஆள் வர்ற பக்கம் திருப்புங்க."

அவர் திருப்பினார். மஞ்சள் கோட்டுக்கு அப்பால் கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா பையும் கையுமாக, மேலே பார்க்கும் அம்பைப் பார்த்துவிட்டு, தூணுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். படியைத்தான் தேடுகிறாள்.

வண்டிக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த அம்மாகிட்ட தள்ளுங்க."

"உங்களுக்கு இங்க வேலை இல்லம்மா இப்ப" என்றார், மெல்லிய குரலில்.

"தெரியும். அட்டையைத்தானே வாங்கினீங்க, வாயை வாங்கலையே? தள்ளுங்க தம்பி, நேரே."